நம்பு என்றால் விரும்பு

சென்ற தை மாதத்தில் நண்பர் ஒருவரின் மகளுக்குத் திருமணம் நடந்தது. பெண் வீட்டார் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர். மாப்பிள்ளை வீட்டார் மூன்று தலைமுறையாகப் பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. என்னும் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையைச் சேர்ந்தவர்கள். திருமண வழிபாட்டுக்கென்று பன்னிரண்டு பக்கத்தில் ஒரு சிறு நூல் அச்சிடுவதாக முடிவாகி, அதன் மெய்ப்பைத் திருத்தித் தரும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். விவிலியத்தோடு எனக்கு உள்ளது ஒரு வாசகனின் பழக்கம் மட்டுமே. ஆனால் முப்பது ஆண்டுகளாக மெய்ப்புப் பார்த்த கண்ணுக்கு, ஒரே நூலில் ஒரே வசனம் இரண்டு விதமாக வந்தால் உறுத்தாமல் இருக்காது.

அட்டையின் உட்புறத்தில் மாப்பிள்ளையின் தந்தை கொடுத்திருந்த வரி இது: “இப்பொழுது விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது, இவைகளில் அன்பே பெரியது.” ஏழாம் பக்கத்தில், பெண் வீட்டாரின் பங்குக் கோயிலிலிருந்து வந்த வாசகம் இப்படி முடிந்தது: “ஆக நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகிய மூன்றுமே நிலையாய் உள்ளன. இவற்றுள் அன்பே தலைசிறந்தது.” இரண்டும் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரம், 13ஆம் வசனம்தான். முன்னது 1871இல் வெளிவந்து இன்றுவரை சீர்திருத்த சபைகளில் பெருவழக்காக இருக்கும் மொழிபெயர்ப்பு. பின்னது இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உழைத்து 1995இல் வெளியிட்ட, இன்று கத்தோலிக்கர் கையில் இருக்கும் பொது மொழிபெயர்ப்பு.

நடை வேறுபாடு எனக்குப் பெரிதாகப் படவில்லை. ‘நம்பிக்கை’ என்ற சொல் இடம் மாறி உட்கார்ந்திருந்ததுதான் என்னை நிறுத்தியது. பவுல் எழுதிய கிரேக்கத்தில் அந்த மூன்று சொற்கள் பிஸ்திஸ், எல்பிஸ், அகாப்பே. பிஸ்திஸ் என்பது கடவுள்மீது வைக்கும் பற்றுறுதி. எல்பிஸ் என்பது இனி வரப்போகும் நன்மையை எண்ணிக் காத்திருப்பது. 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் நம்பிக்கை இரண்டாவது இடத்தில், எல்பிஸுக்கு நேராக இருக்கிறது. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் அதே சொல் முதல் இடத்துக்கு ஏறி, பிஸ்திஸுக்கு நேராக நிற்கிறது. காலியான இரண்டாம் இடத்துக்கு ‘எதிர்நோக்கு’ என்று ஒரு சொல் வந்திருக்கிறது. இரண்டு நூல்களுக்கும் பொதுவான இரண்டு சொற்களில் ஒன்று அன்பு, மற்றொன்று நம்பிக்கை. அந்த நம்பிக்கையோ இரண்டிலும் வேறு வேறு பொருளைச் சுமந்து நிற்கிறது.

இதைத் தொலைபேசியில் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெண்ணின் பாட்டி இடையில் கைபேசியை வாங்கிக்கொண்டார். “தம்பி, எங்க காலத்துல விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்னுதான் செபம் சொல்லுவோம். எதிர்நோக்குன்னா பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரில்லா இருக்கு” என்றார். பழைய கத்தோலிக்கச் செபப் புத்தகங்களில் விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்று மூன்று மந்திரங்கள் உண்டு. அவர் சொன்னது அந்த வரிசை. ஆக, இந்தச் சொல் விவகாரத்தில் கத்தோலிக்கப் பாட்டி தன் பேத்தியின் புகுந்த வீட்டார் பக்கம் நின்றார். அன்று இரவு மெய்ப்பை மூடி வைத்துவிட்டு அகராதிகளை எடுத்தேன்.

நம்பு என்ற வினைக்கு இன்று நாம் முதலில் நினைக்கும் பொருள், ஒன்றை மெய் என்று ஏற்றுக்கொள்வது. தொல்காப்பியர் அதைச் சொல்லவில்லை. சொல்லதிகாரத்தின் உரியியலில் அவர் வைத்திருக்கும் நூற்பா ஒரே வரி: “நம்பும் மேவும் நசையாகும்மே.” நசை என்றால் விருப்பம். நம்பு என்பதும் மேவு என்பதும் விருப்பம் என்னும் பொருளைத் தருவன என்பது இதன் கருத்து. உரியியல் பெரும்பாலும், வெளிப்படையாகப் பொருள் விளங்காத சொற்களுக்குப் பொருள் சொல்லும் இடம். ஆகவே ‘விரும்பு’ என்னும் பொருளில் நம்பு அன்றே சற்று விளக்கம் வேண்டிய சொல்லாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இதற்கு உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு அகநானூற்றின் 198ஆம் பாட்டில் இருக்கிறது. பரணர் பாடியது. தலைவன் தன் காதலைச் சொல்வதா வேண்டாமா என்று தடுமாறி, மறைத்து வைத்த காமத்தை அடக்க மாட்டாமல், கடைசியில் ஒரு சொல் அனுப்பிவிடுகிறான். அந்தச் சொல்லைப் பெற்ற அவள் நள்ளிரவில் வந்து சேர்கிறாள். “நயந்து நாம் விட்ட நன்மொழி நம்பி” என்பது அடி. நாம் விரும்பி அனுப்பிய நல்ல சொல்லை நம்பி வந்தாள். இங்கே ‘நம்பி’ என்பதற்கு ‘விரும்பி’ என்று உரை சொல்கிறது. இன்றைய வாசகன் உரையைப் பார்க்காமல் படித்தால் ‘அந்தச் சொல்லை மெய்யென்று கொண்டு’ என்றே படிப்பான், அதுவும் பொருந்தும். இரண்டு பொருளும் பிரியாமல் கிடக்கும் அடி இது. ஒரு பெண் நள்ளிரவில் மழைக்கும் இருளுக்கும் இடையே புறப்பட்டு வருகிறாள் என்றால், அந்தச் சொல் உண்மையா என்று அவள் சோதித்துப் பார்த்தாள் என்பதைவிட, அந்தச் சொல் அவளுக்கு வேண்டியிருந்தது என்பதே முதற்காரணமாக இருக்க வேண்டும். வேண்டியிருந்ததால் மெய்யென்று கொண்டாள். ‘விரும்பு’ என்ற பொருளிலிருந்து ‘மெய்யென்று கொள்’ என்ற பொருளுக்குச் சொல் நகர்ந்த பாதையைக் காட்ட இதைவிட நல்ல அடி எனக்குத் தெரியாது.

அப்படியானால் சரிபார்த்து ஏற்பதற்குப் பழந்தமிழில் என்ன சொல் இருந்தது? திருக்குறளின் 51ஆம் அதிகாரத்தைத் திறந்தால் விடை கிடைக்கிறது. அரசன் யாரை வேலைக்கு நம்புவது என்பதைப் பேசும் அந்த அதிகாரத்தின் பெயரே தெரிந்துதெளிதல். “தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்” என்கிறது 509ஆம் குறள். ஆராயாமல் யாரையும் தேறாதே, ஆராய்ந்தபின் தேறு. தேர்தல் முன்னது, தேறுதல் பின்னது. அடுத்த குறள், ஆராயாமல் தெளிவதும் தெளிந்தவனிடத்து ஐயப்படுவதும் தீராத துன்பம் தரும் என்கிறது. தேறு, தெளி ஆகிய இரண்டும் கலங்கிய நீர் அடங்குவதைப் போன்ற சொற்கள். ஐயம் என்ற வண்டல் கீழே படிந்த பிறகு வரும் உறுதி அது. மெய்யுணர்தல் அதிகாரத்தில் வீட்டுலகைப் பற்றிப் பேசும்போதும் வள்ளுவர் “ஐயத்தின் நீங்கித் தெளிந்தார்க்கு” என்றே சொல்கிறார். தமிழ்ச் சமணர் தங்கள் மும்மணிகளில் முதலாவதை நற்காட்சி என்பார்கள். மற்ற சமயத்தார் நம்பிக்கை என்று சொல்லக்கூடிய இடத்தில் அவர்கள் வைத்திருப்பது ‘பார்வை’ என்ற சொல்லை.

ஆகப் பழைய மொழியில் அறிவுக்கு உரிய உறுதிக்கு ஒரு சொல்லும் நெஞ்சுக்கு உரிய நாட்டத்துக்கு வேறொரு சொல்லும் இருந்தன. பின்னர் தேறு என்ற சொல் தேர்வில் தேறுவதற்கும், துக்கத்திலிருந்து மனம் தேறுவதற்கும் ஒதுங்கிவிட்டது. அது விட்டுப்போன இடத்தையும் நம்பு என்ற சொல்லே எடுத்துக்கொண்டது. இதனால் ஒரு குழப்பம் வந்தது என்பது என் எண்ணம்: ஆராய்ந்து ஏற்றதையும் ஆசைப்பட்டு ஏற்றதையும் இன்று ஒரே சொல்லால் சொல்கிறோம். மூடநம்பிக்கை என்ற தொடரைச் சீர்திருத்தக்காரர்கள் உருவாக்க வேண்டியிருந்ததற்கும் இதுதான் காரணம். நம்பிக்கை என்று மட்டும் சொன்னால் அது எந்த வகை என்று தெரியாது.

பக்திப் பாடல்களில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. சிவனுக்கு நம்பன் என்று ஒரு பெயர் உண்டு. விரும்பப்படுபவன் என்று அதற்கு உரை சொல்வார்கள். ஏழாம் திருமுறையில் சுந்தரர் பாடிய ஒரு பதிகத்துக்கு ‘நம்பி என்ற திருப்பதிகம்’ என்றே பெயர். “மெய்யை முற்றப் பொடிப் பூசியோர் நம்பி” என்று தொடங்கி அடிக்கு அடி நம்பி என்று முடித்துக்கொண்டே போவார். அங்கே நம்பி என்பது ஆடவரில் சிறந்தவன். அவருடைய பெயரே நம்பியாரூரன்தான். திருக்குறுங்குடியில் நிற்கும் பெருமாளின் பெயரும் நம்பி. இந்தப் பெயர் நம்பு என்ற வினையோடு எவ்வளவு நெருங்கிய உறவு உடையது என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. தம்பி, எம்பி (எம் தம்பி) என்ற வரிசையில் வைத்துப் பார்க்கவும் இடமிருக்கிறது. ஆனால் கேட்பவர் காதில் நம்பியும் நம்பிக்கையும் பக்கத்து வீட்டுக்காரர்களாகவே ஒலிக்கின்றன.

இங்கே ஒரு சின்ன விலகல். “யானைக்குத் தும்பிக்கை, மனிதனுக்கு நம்பிக்கை” என்று ஆட்டோவின் முதுகில் எழுதியிருப்பதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டு நம்பிக்கையில் ஒரு ‘கை’ இருக்கிறது என்று மேடையில் கையை உயர்த்துவார்கள். தும்பிக்கையில் இருப்பது உண்மையான கை. தும்பி என்றால் யானை, அதன் கை தும்பிக்கை. நம்பிக்கையில் இருப்பது விகுதி. வாழ்க்கை, வேட்கை, படுக்கை, காணிக்கை என்பவற்றில் இருப்பதும் அத்தகைய விகுதிதான். எதுகை நன்றாக இருக்கிறது என்பதற்காக இலக்கணம் இடம் கொடுக்காது. ஆட்டோக்காரர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதும் இல்லை.

இனி விசுவாசம். இது வடசொல். வி என்ற முன்னொட்டும் சுவாசம் என்பதில் இருக்கும் மூச்சுவிடுதலைக் குறிக்கும் வேரும் சேர்ந்தது. தடையில்லாமல் மூச்சு விடுவது, அச்சம் நீங்கி இளைப்பாறுவது, அதனால் ஒருவரிடம் அச்சமில்லாமல் இருப்பது என்று பொருள் விரிந்திருக்கிறது. ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மூச்சு சீராக வருகிறதா என்பதுதான் அந்தச் சொல்லின் அடியில் இருக்கும் சோதனை. தமிழில் பேச்சு வழக்கில் அதன் பொருள் வேறு பக்கம் போய்விட்டது. நாய் விசுவாசமுள்ள பிராணி என்கிறோம்; கட்சித் தலைவரின் விசுவாசி என்கிறோம்; உப்பிட்டவருக்கு விசுவாசமாக இரு என்கிறோம். கோயில் மதிலுக்கு வெளியே விசுவாசம் என்பது கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குக் காட்டும் நன்றி மாறாமை. தேவாலயத்துக்குள்ளே அதே சொல் கடவுள் பற்று. ஒரே தெருவில் நடக்கும்போது இந்தச் சொல்லின் பொருள் மாறும் இடத்தை ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால், பிஸ்திஸ் என்ற கிரேக்கச் சொல்லும் இப்படி இரண்டு பக்கமும் உள்ளதுதான். ஒருவரை நம்புவதையும், நம்பத்தக்கவராக மாறாமல் இருப்பதையும் அது சேர்த்துச் சொல்லும். அந்த வகையில் பார்த்தால், 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர்கள் விசுவாசத்தைத் தேர்ந்தது கெட்ட தேர்வு அன்று. சொல்லின் மறுபக்கமும் அதில் கிடைத்தது. தமிழ் எழுத்தில் கிறித்தவ நூல் அச்சாகத் தொடங்கியது 1578இல், கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கத்தோடு. அன்று தொடங்கி ஒவ்வொரு தலைமுறையும் கடவுளுக்கே பெயர் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது: தம்பிரான், சர்வேசுரன், பராபரன், தேவன், கடைசியில் கடவுள். கடவுளின் பெயரே இவ்வளவு மாறியிருக்கும்போது அவர்மேல் வைக்கும் பற்றின் பெயர் ஒரு முறை மாறியதில் வியப்பில்லை. கத்தோலிக்கர் முன்பு ‘விசுவசிக்கிறேன்’ என்று அறிக்கையிட்ட இடத்தில் இன்று ‘நம்புகிறேன்’ என்று சொல்கிறார்கள். வடசொல்லை விட்டுத் தமிழ்ச் சொல்லைக் கொள்வது 20ஆம் நூற்றாண்டின் பொதுவான போக்கு. அது வழிபாட்டு மொழிக்கும் வந்தது.

ஆனால் அந்த மாற்றத்துக்குக் கொடுத்த விலையை விவிலியத்தில் உள்ள எபிரேயர் நூலின் 11ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் காணலாம். பழைய மொழிபெயர்ப்பு: “விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது.” இதில் ‘நம்பப்படுகிறவை’ என்பதை இன்று படிக்கும் இளைஞர், மெய்யென்று கொள்ளப்படுபவை என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்தால் வாக்கியம் சுற்றி வந்து தன் வாலையே பிடித்துக்கொள்ளும்: நம்பிக்கை என்பது நம்புவதன் உறுதி. ஆனால் அங்கே சொல்லப்படுவது, வரும் என்று மனம் விரும்பிக் காத்திருப்பவை. 1871இல் நம்பு என்ற சொல்லுக்குள் அந்த விருப்பமும் காத்திருப்பும் இருந்தன. பரணரின் தலைவி நள்ளிரவில் சுமந்து வந்த பொருள் அந்த வசனத்தில் இன்னும் மிச்சமிருந்தது. புதிய மொழிபெயர்ப்பு “நாம் எதிர்நோக்கி இருப்பவை கிடைக்கும் என்னும் உறுதி” என்று தெளிவாக்கிவிட்டது. தெளிவு வந்தது உண்மை. எதிர்நோக்கு என்ற சொல்லில் ஆசை இல்லை என்று பாட்டி சொன்னதும் உண்மை. வரி கட்டும் தேதியையும் எதிர்நோக்கலாம்.

பழைய பொருள் பேச்சில் முழுவதும் செத்துவிடவில்லை. “நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்” என்று கடிதம் எழுதுகிறவர், எதிரே இருப்பவரின் உடல்நிலையைப் பற்றி ஒரு முடிவை அறிவிக்கவில்லை. அப்படி இருக்க வேண்டும் என்ற தம் விருப்பத்தைச் சொல்கிறார். இன்னொரு பொருளும் ஊரில் வாழ்கிறது. “வானத்தை நம்பி விதைச்சிருக்கோம்” என்று மானாவாரி விவசாயி சொல்வார். மழை பெய்யும் என்று அவர் முடிவுகட்டியிருக்கிறார் என்று அதற்குப் பொருள் இல்லை. பெய்யாமல் போன ஆண்டுகளை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? மழையைத் தவிர அவருக்குச் சாய்ந்துகொள்ள வேறு தூண் இல்லை என்பதுதான் பொருள். “என்னை நம்பி நாலு உசிரு இருக்கு” என்பதும் அப்படித்தான். “நம்ப நட, நம்பி நடவாதே” என்ற பழமொழி இந்தச் சொல்லின் ஆபத்தை அறிந்தவர்கள் உண்டாக்கியது: நீ பிறருக்குத் தூணாக இரு, பிறர்மேல் சாயாதே. நம்பு என்ற வினை இரண்டாம் வேற்றுமையை எடுத்து, ஓர் ஆளையோ ஒரு பொருளையோ நேராகப் பற்றிக்கொள்ளும்போது அதில் ஒரு பாரம் இறங்குகிறது. ‘கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறேன்’ என்பதும் ‘கடவுளை நம்பி இருக்கிறேன்’ என்பதும் ஒன்றல்ல. முன்னதைச் சொல்ல நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் போதும். பின்னதைச் சொல்பவரிடம் வேறு நாற்காலி இல்லை.

மற்ற மொழிகளில் இந்தச் சொற்கள் எங்கிருந்து புறப்பட்டன என்று பார்ப்பதில் எனக்கு நெடுநாளாக ஒரு பித்து. அரபியில் ஈமான் என்ற சொல் அச்சமின்மை, பாதுகாப்பு என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வருகிறது. தமிழ் முசுலிம் வீடுகளில் வழங்கும் அமானிதம் என்ற சொல்லும் அந்த வேரின் கிளைதான். ஒருவர் நம்மிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துப்போன பொருள் அமானிதம். குர்ஆனின் தமிழாக்கங்களில் ‘நம்பிக்கையாளர்களே’ என்பதையும் காணலாம், ‘ஈமான் கொண்டோரே’ என்பதையும் காணலாம். அரபிச் சொல்லை அப்படியே வைத்தவர்கள், அந்தப் பாதுகாப்பு என்ற அடிநாதம் நம்பிக்கையில் ஒலிக்காது என்று கருதியிருக்கக்கூடும். எபிரேயத்தில் இதற்கு உறவான வேர் உறுதியாக நிற்பதைக் குறிப்பது. செபத்தின் முடிவில் சொல்லும் ஆமென் அதிலிருந்து வந்தது. வடமொழியின் சிரத்தா என்ற சொல்லை நெஞ்சோடும், இலத்தீனின் கிரேடோ என்ற சொல்லோடும் உறவுபடுத்துவார்கள். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சிரத்தையைத் தெய்வமாக வைத்து ஒரு பாட்டே உண்டு. அந்தச் சிரத்தை தமிழ்நாட்டுக்கு வந்து, “கொஞ்சம் சிரத்தையாகப் படி” என்று பிள்ளையைக் கண்டிக்கும் சொல்லாகிவிட்டது. ஆங்கிலத்தில் நம்புவதற்கு உள்ள சொல் ‘பிலீவ்’. அதன் பழைய வேர் காதலுக்கான சொல்லோடு உறவுடையது. மூச்சு, பாதுகாப்பு, உறுதி, நெஞ்சு என்று வெவ்வேறு இடத்திலிருந்து வந்த சொற்களுக்கு நடுவே, விருப்பத்திலிருந்து புறப்பட்ட தமிழ்ச் சொல்லுக்கு இப்படி ஒரு தூரத்துத் தோழி கிடைத்ததில் எனக்குச் சின்ன மகிழ்ச்சி.

நாத்திகரான என் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் சிரித்தார். “நாங்கள் எப்போதும் சொல்வதைத்தான் தொல்காப்பியரும் சொல்லியிருக்கிறார், ஆசைப்படுவதை உண்மை என்று எடுத்துக்கொள்வதுதான் நம்பிக்கை” என்றார். அவர் வாதத்தில் வலு இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அதே நூற்பாவை ஒரு பக்தர் கையில் கொடுத்தால், தான் ஒரு கருத்தை ஏற்றவர் அல்லர், ஒருவரை விரும்பியவர் என்று அவர் சொல்லிவிட்டுப் போவார். சுந்தரர் பதிகத்தில் இருப்பது வாதம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருக்கிறார் இல்லை என்ற வழக்கு ஆத்திகம், நாத்திகம் என்ற வடசொற்களில் நடக்கிறது. ‘உண்டு’, ‘இல்லை’ என்ற பொருளுள்ள சொற்களிலிருந்தே அவை பிறந்தன. நம்பு என்ற சொல் அந்த வழக்கில் சாட்சியாக அழைக்கப்பட்டது பிற்காலத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மெய்ப்புக்கு வருகிறேன். இரண்டு வசனத்தில் ஒன்றை எடுத்துவிடலாமா என்று இரு வீட்டாரிடமும் கேட்டேன். மாப்பிள்ளையின் தந்தை, தம் திருமணத்திலும் தம் தந்தையின் திருமணத்திலும் வாசித்தது அந்த விசுவாசம், நம்பிக்கை, அன்புதான் என்றார். பெண்ணின் பங்குத்தந்தை, வாசகம் வழிபாட்டு நூலில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்றார். இருவர் சொன்னதும் நியாயமாக இருந்ததால், இரண்டையும் அப்படியே விட்டு, ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தி அனுப்பினேன். மறுநாள் காலை அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது. பக்கம் கட்டுகிற பையன் கேட்டான்: “சார், நம்பிக்கைங்கிறது ரெண்டு இடத்துல வந்திருக்கு. ஒண்ணை எடுத்துரவா?”